நாடி கிடைக்காத கை

தங்கச்சிக்கு ஒரு வருடமாக இடது கை அசதி, துணி பிழிந்தாலே வலி. நாற்று நட்ட அலுப்பு என்று அம்மா தைலம் தேய்த்தார், உள்ளூரில் ரத்தசோகை என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாதான் நாடி கிடைக்காமல் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார்: வலது 150, இடது 90. அப்புறம் இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்). டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ்! இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியும் அதன் பெரிய கிளைகளும் அழற்சியில் தடித்துச் சுருங்குமாம், பெரும்பாலும் 40 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு. 1908-இல் இதைப் பற்றிச் சொன்ன டகாயாசு ஜப்பானியக் கண் டாக்டர் என்பதுதான் வேடிக்கை. இப்போது ஸ்டீராய்டு, கூடவே வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து (தினமும் போட்டால் ஆபத்து, காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை வட்டம் போட்டிருக்கிறோம்). ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, அவளுக்கு அதுதான் கவலை. நேற்று மணிக்கட்டை நீட்டி, "அண்ணே, துடிக்குதா பாரு" என்றாள். ஒன்றும் தெரியவில்லை. லேசா துடிக்குதும்மா என்றேன்.