இடது பக்கம் சாய்ந்து

ஏப்ரல் 11
இன்று ரத்தப்போக்கு ஒன்றும் இல்லை. எழுந்ததே இரண்டு முறைதான்.

ஏப்ரல் 14
சித்திரை விஷு. அம்மா கனித் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டாள். படுத்தபடி கண்ணாடியைப் பார்த்ததில் முதலில் தெரிந்தது மின்விசிறி. வருஷம் முழுக்க இதைத்தான் பார்ப்பேன் போல.

அவருக்கு அங்கே மைனஸ் ஆறாம். பணகுடியில் பத்து வருஷம் காற்றாலைக் காத்தாடி ஏறியவர், இப்போது இறக்கையில் பனி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நார்வேயின் வடகோடி, வரங்கர் தீபகற்பம். ஒரு மரம்கூட இல்லை என்று முதல் நாளே சொன்னார். தூந்திரா என்று ஏழாம் வகுப்பில் படித்து மறந்த சொல், இப்போது வீட்டுக்காரர் முகவரியாகிவிட்டது.

ஏப்ரல் 17
குளத்தில் கொசு உள்ளான் ஒன்றுகூட இல்லையாம், தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். கூழைக்கடாக்கள் இருக்கின்றன. அடுத்த வீட்டுக் கருவேல மரத்தில் நாரைகள் இருக்கின்றன. எச்சம் நாறுகிறது, ஆனால் இந்த ஊரில் யாரும் அதற்கு மூக்கைப் பிடிப்பதில்லை. தீபாவளிக்கு வெடி போடாத கூந்தன்குளத்தில் பிறந்துவிட்டு வாசனையைப் பற்றிப் பேசக்கூடாது.

உள்ளான்தான் எனக்குக் கணக்கு. 25 கிராம் இருக்குமா? நம் சகதியில் நாலு மாசம் கொத்தித் தின்றுவிட்டு, முட்டையிடத் தூந்திராவுக்குப் போகிறது. சைபீரியாவுக்குப் போவதுதான் அதிகம், கொஞ்சம் அவர் இருக்கும் பக்கமும் போகும். அவரிடம் கேட்டேன், எங்கள் ஊர்க் குருவி வந்ததா என்று. இன்னும் பனி மூடிக் கிடக்கிறது, குருவி வந்து எதைத் தின்னும் என்றார். ஜூன் ஆகுமாம்.

சரி, எனக்கும் ஜூன்தான்.

ஏப்ரல் 23
இல்லை. முப்பது வாரம்.

ஏப்ரல் 29
அவர் பேசும்போது, அங்கே மான் மேய்ப்பவர்களுக்குச் சாமி என்று பெயர் என்றார். அம்மா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். இல்லம்மா, அது ஒரு இனம் என்றேன். "சாமின்னு பேரு வச்சிக்கிட்டா சாமிதான்." கன்றின் காதில் ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டி அடையாளம் வைப்பார்களாம். "நம்ம ஆட்டுக்கு வெட்டுதது மாதிரிதான்" என்றாள். அவளுக்கு நார்வே பக்கத்து ஊர் ஆகிவிட்டது.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஓட்டு வீட்டுக்குள் மதியம் மூச்சு முட்டுகிறது. நனைத்த துண்டு பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது.

தூந்திராவில் நிறைய இடங்களில் வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர்கூட மழை பனி சேர்ந்து விழாது. நம் ஊரைவிடக் குறைவு. ஆனாலும் கோடையில் சதுப்பாகக் கிடக்கும். கீழே மண் நிரந்தரமாக உறைந்திருப்பதால் உருகிய தண்ணீர் இறங்க வழியில்லை. அப்புறம் கொசு. நம் குளமும் அந்த மண்ணும் கொசு விஷயத்தில் சொந்தக்காரர்கள்.

மே 6
சைபீரியாவில் கோலிமா ஆற்றங்கரையில் ஓர் அணில் வளையில் சேர்த்துவைத்த காய்கள். 38 மீட்டர் ஆழத்தில், சுமார் 32,000 வருஷம் உறைந்தே கிடந்தவை. அதிலிருந்து திசு எடுத்து வளர்த்துப் பூக்கவைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ. 2012இல் செய்தி வந்தது. எந்தத் திசு என்று தேடிப் பார்த்தேன். காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் இடம். நஞ்சுக்கொடி மாதிரியே அதற்கும் பிளசென்டா என்றுதான் பெயர்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மே 9
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. எழுதப் பிடிக்கவில்லை.

மே 10
ரத்தம் நின்றுவிட்டது. இன்னும் கீழேதான் இருக்கிறதாம், பிளசென்டா.

மே 12
வீடு. போன செப்டம்பரில் அவர் அனுப்பிய ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பூட்ஸ் முனை, பக்கத்தில் கட்டைவிரல் நக அளவு வட்ட இலைகள் நாலைந்து, மஞ்சளாகி, ஓரம் நுண்ணிய பல் பல்லாக. புல் என்று நினைத்தேன். மரமாம். வில்லோ. தண்டும் கிளையும் மண்ணுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும், இலை மட்டும் வெளியே. ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் தலை தூக்காது. தூக்கினால் காற்று ஒடித்துவிடும்.

இடது பக்கம்தான் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு எரிகிறது.

மே 17
டிக்கெட் தள்ளிப்போகிறதாம். மாற்று ஆள் வரவில்லையாம். சரி என்றேன். வைத்துவிட்டு அழுதேன்.

அங்கே சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது, ஜூலைக் கடைசி வரை இப்படித்தான். தூக்கம் வரவில்லை என்று என்னிடம் சொல்கிறார். என்னிடம்!

கொசு உள்ளான் இரண்டு கூடு வைக்கும். கூடு என்ன, தரையில் ஒரு குழி. ஒன்றில் ஆண் அடைகாக்கும், இன்னொன்றில் பெண். இதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

மே 18
பதில் வந்தது. "நானும் குழி தோண்டவா?" சிரித்துவிட்டேன், சிரித்தால் வயிறு இழுக்கிறது.

மே 21
பனிமானில் ஆணுக்குக் கொம்பு குளிருக்கு முன்னே விழுந்துவிடும். சினையாக இருக்கிற பெண்ணுக்கு மட்டும் ஈனும் வரை நிற்கும். பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த தீனியை மற்றது வந்து பிடுங்காமல் பார்த்துக்கொள்ள. அவர் இன்று சாலையோரம் ஒன்றைப் பார்த்தாராம், ஒற்றைக் கொம்போடு. கன்று? இருந்தது என்றார். ஈரமாகவே நின்றதாம்.

மே 24
இல்லை. முப்பத்தைந்து ஆக இன்னும் மூன்று நாள். இருபத்தெட்டாம் தேதி டிக்கெட் உறுதி.

மே 25
மணி இரண்டேகால். அம்மா பையை எடுத்துவிட்டாள், தம்பி வண்டிக்குப் போயிருக்கிறான். அங்கே இரவு பத்தே முக்கால், வெயில் அடித்துக்கொண்டிருக்கும். போன் எடுக்கவில்லை. காத்தாடி மேலே இருந்தால்