காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ் எலெக்டிவ்: 'புதுமை' யூனிட்டை இப்படிப் படித்தேன்

ரிசல்ட் வந்துவிட்டது, ஏ கிரேடு. இன்டர்னலில் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு இது பெரிய நிம்மதி. ஜூனியர்கள் எல்லோரும் கேட்பது புதுமை மாடல்கள் யூனிட்டைப் பற்றித்தான். மற்றவற்றுக்குப் பழைய கேள்வித்தாள் போதும்.

ஸ்டுவர்ட் காஃப்மனின் 'அடுத்துள்ள சாத்தியம்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். ஒரு புதுமை வேறு சிலவற்றுக்கு வழி திறக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, 2014இல் ட்ரியா, லொரேட்டோ, செர்வேடியோ, ஸ்ட்ரோகட்ஸ் வெளியிட்ட அர்ன் (நிறப் பந்துகள் போட்ட குடுவை) மாடலுக்குப் போய்விடுங்கள். மதிப்பெண் அங்கேதான்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். பந்துகளை எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் குடுவையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் திரும்பப் போடும்போது அதே நிறத்தில் ரோ நகல்கள் சேரும்; இதுவரை வராத நிறமென்றால் கூடவே நியூ + 1 புத்தம்புது நிறங்களும் சேரும். ரோ 4, நியூ 2 என்று வைத்து அட்டவணையாக இரண்டு பத்தி போடுங்கள்: இன்னும் வெளிவராத நிறங்கள், மொத்தப் பந்துகள். பழைய நிறம் வந்தால் முதல் பத்தி அப்படியே இருக்கும், இரண்டாவதில் 4 கூடும். புது நிறம் வந்தால் அந்த 4 நகல்களோடு புத்தம்புது நிறங்களில் 3 பந்துகள் சேரும், ஆக மொத்தத்தில் 7. ஆனால் கைக்கு வந்த நிறம் 'வெளிவராத' கணக்கிலிருந்து போய்விட்டதே! அதனால் முதல் பத்தியில் 2தான் கூடும். சூத்திரத்தில் மேலே 2, கீழே 3 ஏன் என்பது இங்கேயே முடிந்துவிடுகிறது. பாதிப் பேர் திணறுவது இந்த ஒன்றில்தான்.

இனி புது நிறம் வரும் வேகம் முதல் பத்தி வகுத்தல் இரண்டாம் பத்தி. காலம் போகப் போகக் கீழே நகல்களின் எண்ணிக்கையே ஓங்கும். வெளிவந்த நிறங்களின் எண்ணிக்கை காலத்தின் (பந்து எடுத்த தடவைகளின்) 2/4 அடுக்காக, அதாவது வர்க்கமூலமாக வளரும். புதியவை காலத்தின் ஒன்றுக்குக் குறைந்த அடுக்காகப் பெருகும் என்ற ஹீப்ஸ் விதி வந்துவிட்டது. ரோ 2, நியூ 4 என்று மாற்றினால் வளர்ச்சி நேர்கோடு, சாய்வு 2/5. இரண்டும் சமமென்றால் காலம் வகுத்தல் அதன் லாக். எங்களுக்கு மூன்றையும் கேட்டார்கள். பத்திகளை ரஃப் வேலையில் ஒளிக்காமல் விடையிலேயே போடுங்கள்.

நான் கைக்கணக்கு ஆள். கட்டுரை எழுதப் பிடித்தவர்களுக்கு இது கசக்கலாம். 'படைப்பாற்றலை அளக்க முடியுமா' என்ற கேள்வியில் எனக்குக் கிடைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியொரு கேள்வி எதற்கென்று இன்னும் புரியவில்லை.

மிச்சம், அவசரமாக:

- சைமனின் 1955 மாடல்: புதுச்சொல் வரும் நிகழ்தகவு மாறிலி. அதனால் வளர்ச்சி நேர்கோடுதான்.
- ஜிப்ஃப் அடுக்கு (தரவரிசையில் கீழே போகப் போக அதிர்வெண் குறையும் அடுக்கு) ஹீப்ஸின் தலைகீழ். மேலே உள்ள கணக்கில் 2.
- பாஸின் 1969 மாடல்: பொருள் பரவுவது பற்றியது, பிறப்பது பற்றியதல்ல. கலக்காதீர்கள்.
- லேபில் அர்ன் மாடலை ஓட்டினால் லாக்-லாக் வரைபடத்தின் சாய்வு 0.5க்கு மெதுவாகத்தான் நெருங்கும். வரவில்லையே என்று புரோகிராமைக் கலைத்துப் போடாமல் இன்னும் நீளமாக ஓடவிடுங்கள்.
- வைவாவில் "யாருக்குப் புதுசு?" என்று கேட்பார்கள். லாஸ்ட் எஃப்எம் பாட்டுத் தளத்தில் நான் முதல்முறை கேட்கும் பாட்டு எனக்கு மட்டும் புதுசு, உலகத்துக்கு அல்ல. அர்ன் இரண்டுக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறது என்று சொன்னேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.