மூன்றாம் வகுப்பு, வாசிப்பு இலக்கு: ஜூலை

ஜூலை 7, திங்கள்
அடிப்படை அளவு எடுத்தாச்சு. ஆளுக்கு ஒரு நிமிடம், ஒரே பத்தி, 26 பேர். தப்பாகப் படித்ததைக் கழித்தால் அதிகம் 48 சொல், குறைவு 4. ஒன்றிய அரசின் எழுத்தறிவுத் திட்டமான நிபுன் பாரத் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வது நிமிடத்துக்கு 60. நாலில் நிற்கிற பிள்ளைக்கு அறுபதைக் காட்டினால் அது மிரட்டல்.

ஜூலை 8
"இந்த மாசம் எவ்வளவு படிப்பே?" என்று கேட்டால் "நூறு புஸ்தகம்" என்கிறார்கள். "நாளைக்கு எத்தனை வரி?" என்றதும் விரலை மடக்கிப் பார்த்து "மூணு". இனி நாளைக் கணக்குதான். ஆளுக்கொரு அட்டை, அதில் இரண்டு கட்டம்: சொன்னது, படித்தது. பென்சிலில் மட்டும்.

ஜூலை 10
சொல் எண்ணிக்கையே இடிக்கிறது. 'பூ' ஒரு சொல். 'வந்துகொண்டிருந்தார்கள்' அதுவும் ஒரு சொல், எழுத்து பன்னிரண்டு! போன வாரத்தைவிடக் குறைந்துவிட்டான் என்று முகம் சுளிக்கும் முன் பத்தியை எண்ண வேண்டும். ஒவ்வொரு வாரப் பத்தியும் 50 சொல், 200 எழுத்துக்குப் பக்கமாக இருந்தால்தான் பிள்ளையை அவனோடேயே ஒப்பிட முடியும்.

ஜூலை 11
அ. என்ற பிள்ளை இன்றும் வரவில்லை.

ஜூலை 14
கொம்பு, கொம்பு, கொம்பு. 'கோழி' என்பதை 'கே... கா... ழி' என்று படிக்கிறார்கள். கண் முதலில் இரட்டைக்கொம்பைப் பார்க்கிறது, பிறகு க, பிறகு துணைக்கால். மூன்றும் சேர்ந்து ஓர் ஒலி என்பது பிடிபடவில்லை. அட்டையில் ஜன்னல் வெட்டி எழுத்தின்மேல் நகர்த்தச் சொன்னால் சரியாகிறது. முதலில் வெட்டியது குறுகல். கொம்பு மட்டும் தனியாகத் தெரிந்து குழப்பம் கூடியது. 'கோ' முழுதாகத் தெரிகிற அகலம் வேண்டும். இவர்களுக்கு வேகமே இலக்கு இல்லை. ஓகார வரிசை 18-இல் வாரம் ஆறு. கோ, சோ, தோ, போ, மோ, தெரிந்தவற்றோடு தொடங்கி.

ஜூலை 17
வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிதிலிருந்து கடினத்துக்கு நாலு நிலை: நுழை, நட, ஓடு, பற. படம் அழகாக இருந்தால் எல்லோர் கையும் 'பற'வுக்குத்தான் போகிறது. ஒரு பக்கம் படி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகத்தை மாற்று. பக்கத்துக்கு ஒரே வரி இருக்கிற 'நுழை'யில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இரண்டு விரலே அதிகம். புத்தகத்தைப் பிடுங்காமல், "படம் பார்க்க இது, படிக்க அது" என்று இரண்டையும் கொடுத்தால் அழுகை இல்லை.

ஜூலை 18
அ.வின் அட்டையில் 'சொன்னது' 9 என்றே நிற்கிறது.

ஜூலை 21, திங்கள்
வாரத்துக்கு இரண்டு மூன்று சொல் கூடினால் போதும். தொடர்ந்து இரண்டு நாள் தவறினால் இலக்கைப் பாதியாக்கு. ஒருவன் ஒரே வாரத்தில் 15 ஏறியிருக்கிறான். சந்தேகப்பட்டுக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொன்னால் பூஜ்யம். மனப்பாடம். 48-காரனிடம் 'கதையில் யார் ஊருக்குப் போனது?' என்றால் விழிக்கிறான். அவனுக்கு வேகத்தை நிறுத்தியாச்சு. இரண்டு வரி படி, புத்தகத்தை மூடு, சொல்லு.

ஜூலை 23
ஒற்று விழுங்குகிறார்கள். 'பட்டம்' 'படம்' ஆகிறது. நாளைக்கு.

ஜூலை 24
அ. வந்துவிட்டாள். மறுபடி அடிப்படை அளவு: 6. அட்டையில் இருந்த ஒன்பதை ரப்பரால் அழித்தாள். சொன்னது கட்டத்தில் அவளே எழுதியது 7.