பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

திரை உடைந்தாலும் பரவாயில்லை, பழைய லேப்டாப் வீட்டு சர்வராக, அதாவது எந்நேரமும் ஓடி வீட்டாரின் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினியாக, அருமையாக உழைக்கும். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒன்று ஓடுகிறது. சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம், டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அப்புறம் படங்களைச் சேமிக்கும் இம்மிச் மென்பொருள், அவ்வளவுதான், அம்மா கைப்பேசியில் எடுக்கும் தைப்பூசப் படங்கள், தேக்கா சந்தைப் படங்கள் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடுகின்றன. மூடியை மூடினால் தூங்கிவிடும், அதனால் லினக்ஸின் லாகின்ட் அமைப்புக் கோப்பில் (logind.conf) ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியை இக்னோர் என்று (HandleLidSwitch=ignore) மாற்றிவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நம்மூர்ச் சூட்டில் எந்நேரமும் முழு சார்ஜில் கிடந்தால் உப்பிவிடலாம். லேப்டாப்பைத் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் 80% சார்ஜ் வரம்பு இருந்தால் வையுங்கள், ஏற்கனவே உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது. மின்சாரமா? 15 வாட் என்றால் மாதம் சுமார் 11 யூனிட். சரி, படங்களுக்கு வெளி டிஸ்கில் இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.