கூகுள் பெனால்டி: குமுளி ஏலக்காய்க் கடைத் தளம் மீண்டு வந்த விதம்

குமுளியில் பெரியப்பாவுக்கு ஏலக்காய், மிளகுக் கடை. தேக்கடிக்கு வருகிறவர்கள் கடையில் வாங்குவார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் தீர்ந்துபோனால் கடையின் இணையதளத்தில் ஆர்டர் போடுவார்கள். மழை பிடித்துச் சுற்றுலா படுத்துவிடும் மாதங்களில் அந்த ஆர்டர்தான் கடையைத் தாங்கும். தளத்தை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த கொஞ்ச நாளில் கூகுள் வழியாக வருகிறவர்கள் திடீரென்று நின்றுபோனார்கள். கடையின் பெயரைப் போட்டுத் தேடினால்கூட முதல் பக்கத்தில் இல்லை.

பெரியப்பா கேட்டார்: "யாருப்பா நிறுத்துனது? யாருகிட்டப் போய்ப் பேசணும்?"

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஏனென்றால் கூகுளில் ஒரு தளம் விழுவது முக்கியமாக இரண்டு விதம். ஒன்று, கூகுளில் வேலை செய்யும் ஒரு ஆள் தளத்தைப் பார்த்து, விதிமீறல் என்று முடிவு செய்து நடவடிக்கை எடுப்பது; பெனால்டி என்பது இதைத்தான். மற்றது, எந்தத் தளம் எங்கே வர வேண்டும் என்று வரிசைப்படுத்தும் அல்காரிதம் மாறியதில் தளம் தானாகக் கீழே போவது. முதலாவதற்குப் பேச ஆள் உண்டு. இரண்டாவதற்கு மனு போடவே வழி கிடையாது. எது என்று தெரியாமல் கையை வைத்தால் மற்ற தளங்கள் நமக்குக் கொடுத்த நல்ல லிங்க்கும் போகும், நாளும் போகும்.

தெரிந்துகொள்வது சுலபம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் கருவி சர்ச் கன்சோல். அதில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' (ஆள் எடுத்த நடவடிக்கைகள்) என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே பச்சை டிக் இருந்தால் ஆள் எடுத்த நடவடிக்கை இல்லை. எங்கள் பக்கத்தில் எச்சரிக்கை இருந்தது: தளத்துக்கு வரும் லிங்க்குகள் இயல்பானவை அல்ல.

ஆனக்கரா பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பரின் தளமும் 2024-இல் விழுந்தது. அவருடைய சர்ச் கன்சோலில் எந்தச் செய்தியும் இல்லை. தேடலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை அதில் 16 மாதக் கணக்கு வைத்திருக்கும். கோடு எந்தத் தேதியில் சரிகிறது என்று பார்த்து, கூகுள் வெளியிடும் அப்டேட் பட்டியலோடு ஒப்பிட்டோம். மார்ச் 5-இல் தொடங்கி ஏப்ரல் 19-இல் முடிந்த கோர் அப்டேட்டுக்குள், அதாவது அல்காரிதத்தில் கூகுள் செய்யும் பெரிய மாற்றத்துக்குள், சரியாக விழுந்தது. 'மதுரையிலிருந்து தேக்கடி', 'தேனியிலிருந்து தேக்கடி' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே விஷயத்தைச் சொல்லும் பக்கங்கள் அவர் தளத்தில் வரிசையாக இருந்தன. அவருக்கு மருந்து வேறு.

எங்கள் கடைக்கு வருகிறேன். முன்பு தளத்தைப் பார்த்துக்கொண்ட டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி, மாதா மாதம் இத்தனை பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) என்று பேக்கேஜ் விற்றிருந்தது. ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்வது கூகுளின் அடிப்படை. அதனால்தான் லிங்க் வியாபாரம் வந்தது. அதை அடக்க 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற அப்டேட் வந்தது. 2016-இல் வந்த பென்குயின் 4.0-க்குப் பிறகு மட்டமான லிங்க்கைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே நாலு குப்பை லிங்க்கைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. ஆனால் மேனுவல் ஆக்‌ஷன் வந்துவிட்டால் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். பெரிய இடங்களும் தப்பியதில்லை: 2006-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தையே வேறொரு விதிமீறலுக்காகக் கூகுள் தேடலிலிருந்து எடுத்தது. 2011-இல் அமெரிக்காவின் ஜேசிபென்னி கடை காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால் முன்னுக்கு வந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியதும் கீழே இறக்கப்பட்டது.

சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையை இறக்கி, எக்செல்லில் தளம் வாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பதுதான் இதில் உண்மையான வேலை. போர்ச்சுகீசிய மொழியில் கார் டயர் பற்றி ஒரு பக்கம். நடுவில் சம்பந்தமே இல்லாமல் 'குமுளி ஏலக்காய் மொத்த விலை' என்று ஒரு வரி, அதில் எங்கள் கடை லிங்க். அடுத்து ஒரு சூதாட்டத் தளம். அதிலும் அதே நாலு சொல். வேறு வேறு நாட்டுத் தளங்களில் ஓர் எழுத்து பிசகாமல் அதே சொற்கள். நிஜமாகவே வாங்கியவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். கடைப் பெயரைப் போடுவார்கள், இல்லை 'இங்கே வாங்கினேன்' என்பார்கள். சென்னையில் ஒரு அம்மா தன் பயணக் குறிப்பில் கடைப் பெயரோடு லிங்க் கொடுத்திருந்தார். அது சின்னத் தளம்தான், ஆனால் நல்ல லிங்க். அதைத் தொடவில்லை.

அப்புறம் குப்பைத் தளக்காரர்களுக்கு லிங்க்கை எடுக்கச் சொல்லி மெயில். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. சிலர் எடுத்தார்கள். ஒருவர் எடுப்பதற்குக் காசு கேட்டார். கொடுக்கவில்லை, கொடுக்கத் தேவையும் இல்லை. அவர் கேட்ட மெயிலையும் தேதியோடு அதே எக்செல்லில் பதிந்தேன். மிச்சத்துக்கு டிசவோ கோப்பு: இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளுக்குச் சொல்லும் பட்டியல். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். வரிக்கு ஒன்றாக, 'டொமைன்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தளத்தின் பெயர். புதிதாக ஒன்று ஏற்றினால் பழையது அழிந்துவிடும், அதனால் எப்போதும் முழுப் பட்டியலாக ஏற்ற வேண்டும். வெறும் டிசவோ மட்டும் போட்டால் போதாது. எடுக்க முயன்றதையும் காட்ட வேண்டும்.

கடைசியாக, நடவடிக்கையை நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு மறுபரிசீலனை மனு. பெரியப்பாவுக்கு அதில் கடையின் கதை முழுக்க வர வேண்டும். "எத்தனை வருஷக் கடை, எத்தனை பேர் பிழைக்கிறாங்கன்னு எழுதுப்பா" என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் படிக்கிறவருக்குத் தேவை மூன்று: என்ன நடந்தது, என்ன செய்தீர்கள், அதற்கு ஆதாரம் எங்கே. ஏஜென்சி செய்ததையும், அவர்களோடு ஒப்பந்தம் முடிந்ததையும் அப்படியே எழுதி, எக்செல்லை யாரும் திறந்து பார்க்கும்படி வைத்து அனுப்பினேன்.

முதல் மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால் பதிலிலேயே மிச்சமிருக்கும் லிங்க்குக்கு உதாரணம் கொடுத்திருந்தார்கள், அது பெரிய உதவி. அந்த உதாரணங்களைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரே ஆள் நடத்துகிற தளக் கூட்டம் ஒன்று மொத்தமாக அகப்பட்டது. அதையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம். லிங்க் விஷயத்தில் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஒன்று நிலுவையில் இருக்கும்போது இன்னொன்று அனுப்பக் கூடாது. காத்திருந்தோம். நடவடிக்கை நீக்கப்பட்டது என்று செய்தி வந்தது.

கடைப் பெயர் உடனே மேலே வந்துவிட்டது. 'ஏலக்காய் விலை' போன்ற பொதுத் தேடல்களில் பழைய இடம் வரவில்லை. பழைய இடத்தில் பாதி அந்த லிங்க்குகள் தூக்கி வைத்தது; அவை போனபின் அந்த உயரமும் போனதுதான். பெனால்டி நீங்கியும் ஆர்டர் திரும்பவில்லையே என்று தவிக்கிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எனவே பக்கங்களில் இறங்கினோம். பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: காய் எடுப்பு எப்போது, ஸ்டோர் எனும் உலர்த்தும் கூடத்தில் எப்படி உலர்த்துகிறார்கள், ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக் காய் ஏன் வேண்டும், 8 எம்எம் காய்க்கும் சின்னக் காய்க்கும் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம். இவையெல்லாம் வாடிக்கையாளர் கடையில் நின்று கேட்கிற கேள்விகள். இப்போது தேடலில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் வருகிறார்கள். சர்ச் கன்சோல் உரிமையாளர் கணக்கையும் பெரியப்பா மெயிலுக்கு மாற்றி, ஏஜென்சியின் அனுமதியை நீக்கிவிட்டோம்.

ஆனக்கரா நண்பரின் ஊர்ப் பெயர்ப் பக்கங்களை ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கம்பம்மெட்டு வழி, லோயர் கேம்ப் வழி, எதில் வண்டி எப்படி ஏறும் என்று அவருக்குத் தெரிந்ததை அவரே எழுதுகிறார். அடுத்த கோர் அப்டேட் வரும்வரை முழு மாற்றம் தெரியாமல் போகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.