ஆயிரம் டாலருக்குள் ஒரு நெடுந்தூர ரைஃபிள்: எட்டு மாதக் கணக்கு

நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: "மொத்தம் 1,000 டாலர். துப்பாக்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையம், தாங்கி எல்லாம் இதற்குள். தோட்டா தனி. 200 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டளவு இலக்கில் பத்துக்கு எட்டு விழ வேண்டும்." வீட்டில் நிதி மந்திரி ஒப்புதல் அளித்த தேதியும் பக்கத்தில் இருக்கிறது. அது அக்டோபர்.

இருப்பது டெக்சாஸில். எச்-1பி விசாவில் இருந்த ஆண்டுகளில் இந்த ஆசையை மனத்திலேயே வைத்திருந்தேன். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாவில் இருப்பவர் இங்கே துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகு கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். எஃப்பிஐ பின்னணிச் சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தம்பி, அங்கே அக்கம்பக்கத்தில் ஏதாவது தகராறா?" என்றார். ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அதே வகைத் தோட்டாதான் அம்மா என்று விளக்கினேன். "அவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். உனக்கு யார் கொடுப்பார்கள்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குசாலே 2024 பாரிஸில் 50 மீட்டரில் சுட்டது .22 எல்ஆர் தோட்டாவால்தான். 1887 முதல் உலகம் சுட்டுக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு தோட்டா. நெடுந்தூரம் என்றவுடன் எல்லோரும் சொல்வது 6.5 கிரீட்மோர் என்ற பெரிய தோட்டா. நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு டாலர். ஒரு சனிக்கிழமை நூறு முறை சுட்டால் மளிகைச் செலவு போய்விடும். அதை ஆயிரம் கஜம் சுட இடமும் வேண்டும். என் வீட்டிலிருந்து அப்படி ஒரு தளத்துக்கு மூன்று மணி நேரப் பயணம். .22 தோட்டா 200 கஜம் போவதற்குள் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டபோதுதான் மனம் மாறியது. 50 கஜத்தில் குறி பொருத்திவிட்டால், 100 கஜத்தில் ஏழு அங்குலம் தாழ்கிறது. 200 கஜத்தில் நான்கு அடிக்கும் மேல். ஸ்கோப்பில் அதை ஈடுகட்ட ஏழு மில் (ஒரு கோண அளவு) ஏற்ற வேண்டும். 6.5 கிரீட்மோர் ஆயிரம் கஜத்துக்குக் கேட்பது எட்டு மில்லுக்கும் சற்று மேல். அதாவது ஆயிரம் கஜத்தின் தொல்லைகள் அனைத்தும், ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், தோட்டாவுக்கு இருபது சென்ட் செலவில் கிடைத்துவிடும்.

துப்பாக்கியாக சீசெட் 457 வார்மிண்ட் ஒன்றைப் பழைய சரக்கில் 520 டாலருக்கு எடுத்தேன். செக் நாட்டு உஹெர்ஸ்கி ப்ராட் ஊரில் செய்யப்படுவது. கனத்த குழல். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை 60 பாகை தூக்கினால் போதும், கை ஸ்கோப்பில் இடிக்காது. விசையை இழுக்கத் தேவையான அழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் திருகு உண்டு. கையேடு சொன்ன எல்லைக்குள் குறைத்தேன். பிறகு உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொண்டு, போல்ட்டை ஏற்றி, துப்பாக்கியின் பாதத்தை, அதாவது தோளில் வைக்கும் பின்முனையை, கம்பளத்தில் தட்டிப் பார்த்தேன். சுடும் ஊசி தானாக விழவில்லை. விசையில் கை வைப்பவர் இந்தச் சோதனையை விடவே கூடாது.

நவம்பரில் முதல் முறை தளத்துக்குப் போனேன். பெட்டிக்கு ஐந்நூறு என்று மொத்தமாக விற்கும் மலிவுத் தோட்டா. 50 கஜத்தில் மூன்று சுட்டேன். மூன்றும் கட்டைவிரல் நகத்துக்குள் விழுந்தன. படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அடுத்த பத்தைச் சுட்டபோது ஒன்றரை அங்குலத்துக்குப் பரவிக் கிடந்தன. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

இதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்று துளை விழுந்த அட்டையைக் காட்டி "என் துப்பாக்கி இவ்வளவு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைச் சொல்கிறார்கள். சுடச் சுடத் துளைக்கூட்டம் விரியத்தான் செய்யும், சுருங்க வழியே இல்லை. அதே துப்பாக்கி, அதே கை. மூன்று சுட்டால் சராசரியாக ஓரங்குலம் என்றால், பத்துச் சுட்டால் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மேல் போகும் என்பது வெறும் புள்ளியியல். அன்றிலிருந்து என் நோட்டில் பத்துத் துளைக்குக் குறைந்த எதையும் எழுதுவதில்லை. "அந்த ஒன்று என் கை நடுக்கம்" என்று சொல்லித் துளையைத் தள்ளிவிடுவதும் இல்லை. அந்தப் பழக்கம் வருவதற்கு முன் எழுதிய நான்கு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

டிசம்பர் முழுவதும் துப்பாக்கியின் மரக்கட்டையோடு மல்லுக்கட்டினேன். குழல் கட்டையில் உரசினால் சூடேறும்போது குறி நகரும் என்று படித்திருந்ததால் உப்புத்தாள் வாங்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் அது தங்கு தடையின்றிக் கடைசிவரை போய்விட்டது. செய்ய ஒன்றுமே இல்லை. உப்புத்தாள் பிற்பாடு மகனின் பள்ளித் திட்டப்பணிக்கு உதவியது. அடுத்து, கட்டையை இரும்போடு சேர்க்கும் இரண்டு திருகுகள். முறுக்கின் அளவைக் காட்டும் திருகி ஒன்றை 35 டாலருக்கு வாங்கி, 15 அங்குல-பவுண்டில் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டேன். மூன்று வார இறுதிகள் போயின. வரைபடம் போட்டுப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரிந்தது. அதே அளவுகளை மறுபடி சுட்டபோது மேடு இருந்த இடத்தில் பள்ளம். திருகின் அளவு எனக்கு எதையும் சொல்லவில்லை. மலிவுத் தோட்டாவின் குளறுபடியைத்தான் நான் இத்தனை நாள் வரைபடமாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே அளவில் முறுக்கிவிட்டு அதன் பிறகு தொடவில்லை.

ஸ்கோப்பில்தான் பணம் போனது, தூக்கமும் போனது. முதலில் 180 டாலருக்கு ஒன்று. பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்தால் வானில் இருக்கும் நட்சத்திரத்தையே சுடலாம். ஜனவரியில் ஒரு காற்றில்லாத காலையில் சோதித்தேன். நூறு கஜத்தில் உயரமான அட்டை ஒன்றைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்டு, கீழே ஒரு புள்ளியைக் குறிபார்த்துப் பத்து. பிறகு குமிழைத் திருகி ஐந்து மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து இன்னொரு பத்து. ஒரு மில் என்பது நூறு கஜத்தில் 3.6 அங்குலம், ஆகவே இரண்டு கூட்டங்களின் நடுவே 18 அங்குலம் இருக்க வேண்டும். நாடாவில் 16.9 வந்தது. நூற்றுக்கு ஆறு குறைவு. கேட்கச் சிறிதாக இருக்கும். 200 கஜத்தில் அது மூன்று அங்குலத் தாழ்வு. நான் மூன்று மாதமாகக் காற்றையும் கையையும் குறைசொல்லிக்கொண்டிருந்தது அநியாயம். திருப்பி அனுப்பினேன். பணம் வந்தது, தபால் செலவு 14 டாலர் வரவில்லை.

இரண்டாவது ஸ்கோப்பைத் தளத்தில் பழக்கமான ஒரு பெரியவரிடமிருந்து 290 டாலருக்கு வாங்கினேன். ஓய்வுபெற்ற இயந்திரப் பணியாளர். பழையதுதான், கண்ணாடியின் ஓரத்தில் கீறல்கூட உண்டு. ஆனால் ஐந்து மில் திருகினால் ஐந்து மில் போகிறது. இன்னொரு நன்மை, பாரலாக்ஸ் சரிசெய்யும் குமிழ். பெரிய ரைஃபிளுக்கென்று செய்த மலிவு ஸ்கோப் பலவும் நூறு கஜத்துக்குப் பொருத்தப்பட்டே வரும். 25, 50 கஜத்தில் கண்ணைச் சற்று நகர்த்தினாலும் குறிக்கோடு இலக்கின் மேல் ஊரும். .22 சுடுபவர் வாங்கும் முன் இதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

ஸ்கோப்பை அப்படியே பொருத்தினால் 200 கஜத்துக்கு ஏற்ற, குமிழில் போதிய திருகல் மிஞ்சாது. அதற்காக ஸ்கோப்புக்கு அடியில் வைக்கும், முன்பக்கம் தாழ்ந்து சரிவாக இருக்கும் 25 எம்ஓஏ (மில் போல இன்னொரு கோண அளவு) தண்டவாளம், 45 டாலர். இதில்தான் நான் செய்த அசட்டுத்தனம். சீசெட்டின் மேல்புறத்தில் 11 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய, புறாவின் வால் வடிவப் பள்ளத்தைத் தண்டவாளம் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும். கவ்வும் திருகுகளை விரலால் முடுக்கிவிட்டு, "பிறகு இறுக்கலாம்" என்று எழுந்து போய்ச் சாப்பிட்டேன். பிறகு என்பது இரண்டு வாரம் கழித்து வந்தது. அந்த இரண்டு வாரமும் துளைகள் இடமும் வலமும் உலாவின. முறுக்குத் திருகிக்கு 35 டாலர் கொடுத்தவன் செய்கிற காரியமா இது.

பிப்ரவரியில் மலிவுத் தோட்டாவை ஒதுக்கினேன். .22 தோட்டாவின் தீமூட்டும் மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. அது எல்லாத் தோட்டாவிலும் ஒரே சீராகப் பரவுவதில்லை. பெரிய ரைஃபிள்காரர்கள் வெற்றுக் கூட்டில் தாங்களே மருந்து அளந்து நிரப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலை கொடுத்ததுதான் விதி. பெரியவரிடம் குண்டின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவி இருந்தது. மலிவுத் தோட்டாவில் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் வினாடிக்கு 80 அடி வித்தியாசம். ஜெர்மனியில் செய்யும் எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ்ஸில் 34. முப்பது அடி வித்தியாசமே 200 கஜத்தில் மேலும் கீழுமாக மூன்று நான்கு அங்குலத்தைத் தின்றுவிடும். குழலைக் கத்தி போல் தீட்டினாலும் அந்த எண்பதைச் சரிசெய்ய முடியாது.

வேகம் கூடிய தோட்டா வாங்கினால் தாழ்வு குறையுமே என்று எனக்கும் தோன்றியது. வாங்கினேன். ஒலியின் வேகத்துக்கு மேல் புறப்பட்டு, நூறு கஜம் போவதற்குள் அதற்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் குண்டு தள்ளாடுகிறது. இன்னொன்று எனக்கு நம்பவே முடியவில்லை: பக்கக் காற்று வேகமான தோட்டாவைத்தான் அதிகம் தள்ளுகிறது. எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைவிட, காற்றுத்தடையால் எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதுதான் விலகலைத் தீர்மானிக்கிறது. ஒலிவேகத்தை ஒட்டிய பகுதியில் அந்தத் தடை சட்டென்று ஏறுகிறது. ஆகவே வினாடிக்கு 1,070 அடியில் நிதானமாகப் போவதே மேல்.

எஸ்கேயிலும் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். நான்கு எண்களில் இரண்டிரண்டு பெட்டி வாங்கினேன். வகை மாற்றும்போது முதல் பதினைந்து இருபது தோட்டாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய வேண்டும். 50 கஜத்தில், பத்துத் துளைக் கூட்டம் ஐந்தின் சராசரி: 0.78, 0.81, 0.56, 0.94 அங்குலம். மூன்றாவது எண். துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைத்தது இது. டிசம்பரின் மூன்று வார இறுதிகளை நினைத்துக்கொண்டேன்.

சில்லறைச் செலவுகள்: வளையம் 40, முன்னே ஊன்றும் இருகால் தாங்கி 60. பின்னால் பாதத்துக்கு அடியில் வைக்கும் மூட்டைக்குப் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து அரிசி நிரப்பினேன். மார்ச்சில் வண்டு வந்துவிட்டது. நிதி மந்திரி அரிசியின் ரகத்தைக் கேட்டு, பொன்னி என்று தெரிந்ததும் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது உள்ளே பொம்மைக்கு அடைக்கும் பிளாஸ்டிக் மணிகள், மகளின் பெட்டியிலிருந்து. வரி நீங்கலாக மொத்தம் 1,004 டாலர். நான்கு டாலர் மீறல்.

ஏப்ரலில்தான் 200 கஜம். அட்டை அங்கே தபால்தலை போல் தெரிகிறது. சுட்ட பிறகு, குண்டு போய்ச் சேர்வதை ஸ்கோப்பிலேயே காத்திருந்து பார்க்கலாம். அரை வினாடிக்கும் மேல் ஆகிறது. முதல் நாள் பத்துக்கு மூன்று. மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று ஓரடிக்கு மேல் தள்ளுகிறது, தட்டின் அகலம் பத்து அங்குலம். பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோப்பைப் பார்க்கவே இல்லை. நடுவழியில் இருந்த புல்லைப் பார்த்தார். "கொடி உன் பக்கம் ஆடுவதைப் பார்க்கிறாய், குண்டு பறப்பது அங்கே" என்றார். தளத்தின் நடுவில் இரண்டு குச்சியில் சிவப்பு நூல் கட்ட அனுமதி வாங்கினோம். சுடுவதை நிறுத்தும் அறிவிப்பு வந்து, எல்லோரும் போல்ட்டைத் திறந்து மஞ்சள் அடைப்பைச் செருகி, மேசையை விட்டு விலகி நின்ற பிறகுதான் கட்டப் போகலாம்.

மே மாதம் நான்கு முறை போனேன். பத்துக்கு ஆறு, ஐந்து, எட்டு, ஆறு. அந்த எட்டு விழுந்தது காலை ஏழு மணிக்கு, நூல் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தபோது. காற்று எழுந்த பிறகு எட்டு வரவில்லை.

மூன்றாவது எண்ணில் இன்னும் 23 தோட்டாதான் மிச்சம். வாங்கிய கடையில் தீர்ந்துவிட்டது. வேறொரு கடையில் அதே எண்ணில் ஐந்நூறு கொண்ட கட்டு இரண்டு இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். திங்கள்வரை எடுத்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தோட்டா தனிக் கணக்கு என்று அக்டோபரில் எழுதிய வரியை நிதி மந்திரியிடம் இன்று இரவு காட்டுவதாக இருக்கிறேன்.