"ஸ்கின் கலர்" க்ரேயானை எடுத்து வையுங்கள்

நாலைந்து வயதுப் பிள்ளையிடம் "உன்னை வரைஞ்சு காட்டு" என்று சொன்னால், க்ரேயான் டப்பாவில் அந்த வெளிர் பீச் நிறத்தைத் தேடும். அதற்கு "ஸ்கின் கலர்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் க்ரயோலா நிறுவனம் 'ஃப்ளெஷ்' என்று விற்ற க்ரேயானின் பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றியது. 2020-ல் 24 தோல் நிறங்கள் கொண்ட தனி டப்பாவையே கொண்டுவந்தது. நம் வகுப்பறைகளில் பழைய பெயர் இன்னும் புழங்குகிறது. அந்த ஒரு க்ரேயானை எடுத்து வைத்துவிட்டு, தன் நிறத்தைத் தானே கலக்கச் சொல்லுங்கள். பிள்ளை தன்னை வரைவதற்கான முதல் பாடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கு போஸ்டர் கலர் புட்டிகள் போதும். மஞ்சள் நான்கு சொட்டு, சிவப்பு இரண்டு சொட்டு குழைத்தால் ஆரஞ்சு வரும். அதைப் பழுப்பாக்கும் நீலத்தை மட்டும் சொட்டாக விடக் கூடாது. தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். அதற்கு வீரியம் அதிகம், கொஞ்சம் கூடினாலும் பச்சையடிக்கும். அப்படி ஆனால் கொட்ட வேண்டாம், சிவப்பு கொஞ்சம் சேர்த்தால் பழுப்புக்குத் திரும்பிவிடும். அடர்த்தி வேண்டுமென்றால் சிவப்பும் நீலமும் சேர்க்கலாம். கருப்பு வேண்டவே வேண்டாம், மஞ்சளோடு சேர்ந்தால் பாசிப்பச்சையாகிவிடும். வெளிர வைக்க வெள்ளையை மட்டும் கொட்டினால் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். கூடவே மஞ்சளும் வேண்டும்.

சரிபார்க்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபைல் உறையைப் பட்டையாக வெட்டி, அதில் தீற்றிக் கை மேல் வைத்துப் பார்க்கலாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். போஸ்டர் கலர் காய்ந்ததும் நிறம் சற்று மாறும் என்பதால் பத்து நிமிடம் பொறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெயில் பட்ட புறங்கை ஒரு நிறம், முழங்கையின் உள்பக்கம் ஒரு நிறம். எது தன் நிறம் என்று பிள்ளையே சொல்லட்டும். பெயரும் அதுவே வைக்கட்டும். 'கருப்பட்டி கலர்', 'எங்க ஆயா கலர்' எதுவானாலும் கலவை வைத்த டப்பாவின் மூடியில் அப்படியே எழுதுங்கள். முகம் முழுக்கப் பூசத் தேவையானதை ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

பார்த்து வரைய, விளிம்பில் டேப் ஒட்டிய கைக்கண்ணாடி வேண்டும். செல்ஃபி வேண்டாம், பல போன்களின் கேமரா முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி, மச்சத்தையும் தழும்பையும் மழுப்பிவிடுகிறது. அந்த மச்சமும் தழும்பும்தானே அந்தப் பிள்ளையின் அடையாளம்! "புருவம் எந்தப் பக்கம் வளையுது? தொட்டுப் பாரு" என்று கேட்டால் விரல் போன வழியே பென்சிலும் போகும். சார்ட் தாளை நாலாக வெட்டினால் அளவு சரியாக இருக்கும். ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டால் ஈரம் பட்டதும் கரையும், அதனால் பென்சிலோ க்ரேயானோதான்.

கரும்பலகையில் மாதிரி முகம் போட்டுக் காட்டக் கூடாது. போட்டால் வகுப்பு முழுக்க அதே முகம் வந்து நிற்கும். தலையிலிருந்தே கை கால் முளைத்தாலும் திருத்தாதீர்கள், நான்கு வயதுக்கு அது இயல்பு.

சில பிள்ளைகள் தன்னை வெளுப்பாகவே பூசும். 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் முதலில் இலை, ஆப்பிள் போன்றவற்றுக்கு நிறம் தீட்டச் சொன்னார்கள். அவற்றைச் சரியாகத் தீட்டிய குழந்தைகளிலும் சிலர் தங்களை மட்டும் வெளுப்பாகத் தீட்டினார்கள். அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்: முதலில் கத்தரிக்காய், வாழையிலை, பிறகு முகம். காயும் இலையும் சரியாக வந்து முகம் மட்டும் வெளுத்தால், பிள்ளைக்கு நிறம் தெரியாமல் இல்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கலாம். அப்போது "நீ இப்படியா இருக்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இதைப் பத்திச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சொன்னதைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே கண்ணாடியோடு இன்னொரு தாள் கொடுங்கள்.